எட்டிலிருந்து ஐந்து வரை இட்டூப்பின் கண்

மாலக்கடவு சந்தை முக்கில் சுமடு தூக்கும் தொழிலாளியான இட்டூப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, விமலா டீச்சர் வீட்டு இரும்பு பீரோவை வெறும் கண்ணால் பார்த்தே மாடிக்கு ஏற்றினார். அன்று மத்தி மீன் கிலோ நூற்று அறுபது, மழை இல்லை. பீரோவைத் தூக்க வந்திருந்த டீச்சரின் மருமகன்கள் நான்கு பேரும் பிடியை விடாததால் அவர்களும் கூடவே மேலே போனார்கள். ஒருவருக்கு மட்டும் செருப்பு கழன்று விழுந்தது. பீரோ மாடி வராந்தாவில் இறங்கி, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நேராக நின்ற பிறகுதான் இட்டூப்பு கண் இமைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, நோக்குகூலி என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

நோக்குகூலி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு வட்டாரத்தில் எந்தச் சுமையையும் ஏற்றி இறக்கும் உரிமை அந்த முக்கில் உட்கார்ந்திருக்கும் சுமட்டுக் குழுவுக்குத்தான். வீட்டுக்காரர் தன் ஆட்களை வைத்தோ கிரேனைக் கொண்டுவந்தோ இறக்கிக்கொண்டால், குழு எதிரே உள்ள மதகில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்ததற்குக் கூலி. கொடுக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார், வாங்குகிறவர் காதைப் பொத்திக்கொண்டு வாங்குவார். மாலக்கடவுக் குழுவில் பதினோரு பேர். மற்றப் பத்துப் பேரும் பார்த்த லட்சணத்தைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஒருவர் பீடியைப் பார்ப்பார், ஒருவர் போனைப் பார்ப்பார், ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். இட்டூப்புக்கு அது ஆகாது. காசு வாங்குகிறோம் என்றால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கட்சி. எட்டு மணிக்குத் தேய்த்த நீலச் சட்டையோடு முக்குக்கு வருவார். சுமை வண்டி வந்ததும் குழாயில் கண் கழுவுவார். வண்டியிலிருந்து பொருள் எழும்புவது முதல் வீட்டுக்குள் தரை தொடுவது வரை கண்ணை எடுக்க மாட்டார், இமைக்க மாட்டார், கொசு கடித்தாலும் சரி. குழுத் தலைவர் சுகதன் அவரைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

"சேட்டா, லேசாப் பாத்தாப் போதும். நீங்க பாக்கிற பாப்புக்கு அந்த அலமாரி வெக்கப்படுது."

"அப்போ நீ கூலிய லேசா வாங்கு," என்பார் இட்டூப்பு, பார்வையைத் திருப்பாமலே.

இந்த ஒழுங்கு அவருக்குச் செய்த பெரிய கெடுதல், அவருடைய அப்பன் செத்த அன்று நடந்தது. தம்பி ஔசேப்பு மஸ்கட்டிலிருந்து விழுந்தடித்து வந்து, மாமன் மச்சான்களைச் சேர்த்துக்கொண்டு சவப்பெட்டியைத் தோளில் எடுத்தான். இட்டூப்பும் ஒரு முனையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் கதையே இல்லை. ஆனால் மணி பதினொன்று, வேலை நாள், பெட்டி போன வழி மாலக்கடவு வட்டாரம், தூக்கியவர்கள் குழுவில் இல்லாதவர்கள். ஊரில் இத்தனை பேரிடம் வாங்கிவிட்டுச் சொந்தத் தம்பியிடம் வாங்காமல் விட்டால் அது பாரபட்சம் ஆகிவிடும் என்று அவர் மண்டைக்குள் ஓர் எண்ணம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால் எதிர்ச்சாரியில் நடந்தபடியே, வீட்டு வாசலிலிருந்து குழி வரை, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். குழி மூடியதும் ரசீது கிழித்தார். பொருள் என்ற இடத்தில் 'பெட்டி ஒன்று, உள்ளே ஆள்' என்று எழுதியிருந்தது. ஔசேப்பு கூலியைப் பாதிரியார் கையில் கொடுக்க, பாதிரியார் அதை இட்டூப்பு கையில் கொடுத்தார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. சுகதன் உட்பட குழுவே இட்டூப்பை அன்று காறித் துப்பாத குறை. அவரும் அன்றிரவு சாப்பிடவில்லை. தப்பு என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது, ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அடுத்த இரண்டாம் வருஷம் கழுத்தில் மூன்று எலும்பு தேய்ந்துபோய், இனி தேங்காய்கூடத் தலையில் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சும்மாடு கழற்றிய சுமட்டுக்காரனைக் குழு பொதுவாக வீட்டுக்கு அனுப்பிவிடும். இவரைப் போல் பார்க்க ஆள் கிடையாது என்பதால், தூக்குகிற வேலைக்கு மற்றவர்கள், பார்க்கிற வேலைக்கு இட்டூப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். அப்படி மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து முற்றிய பார்வையில்தான் விமலா டீச்சரின் பீரோ எழும்பியது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இப்படி ஒரு பார்வை என்றாவது எதையாவது செய்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

ஆனால் சிக்கல் வந்தது கமிட்டியில். தொடாமல் தூக்கியது ஏற்றுக்கூலியா, நோக்குகூலியா? ஏற்றுக்கூலி என்றால் பதினோரு பேர் வேலையை ஒருவர் செய்திருக்கிறார், மற்றவர்களுக்குப் பங்கு எப்படி? நோக்குகூலி என்றால் பீரோ மட்டும் ஏன் மேலே இருக்கிறது? நான்கு மருமகன்களையும் சுமையில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னதற்கு, அவர்களுக்கு ஒரு வெயிட்டும் இல்லை என்று டீச்சரே வந்து சாட்சி சொன்னார். ஐந்து கூட்டம், நாற்பது கட்டன் சாயா ஆன பிறகு முடிவு வந்தது. இட்டூப்பு சுமையைப் பார்ப்பார், மற்றப் பத்துப் பேரும் இட்டூப்பைப் பார்ப்பார்கள், கூலி எப்போதும்போல நோக்குகூலி. அந்த ஏற்பாட்டில் ஆறு வருஷம் ஓடியது. அந்த ஆறு வருஷத்தில் மாலக்கடவில் மாடிக்குப் போன கட்டில், குளிர்பெட்டி, தையல் மிஷின் எதற்கும் ஒரு கீறல் கிடையாது. ஒரே ஒரு முறை, வக்கீல் வீட்டுக் கண்ணாடி அலமாரி நடுவானில் இருந்தபோது இட்டூப்புக்குத் தும்மல் வந்து ஒரு கோப்பை உடைந்தது. அன்றைய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் மூக்குப்பொடியை விட்டுவிட்டார்.

ஐந்து மணி அடித்தால் கண்ணைத் தாழ்த்திக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். கண்ணாடி போட்டால் ஒன்றும் ஏறாது. கோயிலில் அதைக் கழற்றச் சொன்ன பாதிரியார், பூசைக்கு நடுவில் மெழுகுவர்த்தித் தண்டு ஒரு சாண் எழும்பியதும் தானே எடுத்து மாட்டிவிட்டார். மனைவி த்ரேஸ்யாவுக்குத்தான் இதில் ஆற்றாமை அதிகம்.

"என் மனுஷா, ஊரான் வீட்டு கட்டிலெல்லாம் ஏத்துறீங்க. இந்த கேஸ் சிலிண்டர அடுக்களை வரைக்கும் ஒரு பார்வை பாக்கக் கூடாதா?"

"மணி அஞ்சரை ஆச்சு த்ரேஸ்யா."

"நாளைக்கு லீவு போட்டு பாருங்களேன்."

"லீவு போட்டா அது டூட்டி எப்படி ஆகும்?" என்று கேட்டுவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைக் காலால் உருட்டுவார். வேலையில் கண்டதையும் வெளியே பேச மாட்டார். அலமாரி சாயும்போது இழுப்பறை திறந்து எத்தனையோ கடிதங்களும் குப்பிகளும் ஊருக்கு மேலே பறந்திருக்கின்றன. யாருடையது என்று த்ரேஸ்யா நச்சரித்தும், இடியாப்பமும் முட்டைக்கறியும் செய்து போட்டும், அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்ததில்லை.

இப்படி இருக்கும்போது அரசாங்கம் நோக்குகூலி கூடாது என்று உத்தரவு போட்டது. பார்த்ததற்குக் கூலி வாங்கியவரின் தொழிலாளி அட்டை ரத்து. மற்றப் பத்துப் பேருக்கும் இதனால் பெரிய நஷ்டம் இல்லை, தோளில் தூக்கிப் பிழைத்துக்கொள்வார்கள். இட்டூப்புக்குத்தான் இடி. அட்டை போனால் நாற்பத்தொன்பது வயதில் அவர் தொழிலாளி இல்லை, வீட்டில் உட்கார்ந்து தின்கிறவர். உத்தரவு வந்த மறுநாளும் எட்டு மணிக்குத் தேய்த்த சட்டையோடு வந்து, மதகில் உட்கார்ந்து, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் லேசாக எழும்பியதும் பதறிப்போய் வேறெங்கோ பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஔசேப்பு மஸ்கட் போதும் என்று மொத்தமாக ஊர் திரும்பினான். சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி மாடி வீடு கட்டியிருந்தான். பின்னால் ஆறு ஓடுகிற ஊருக்கு, சிங்கக் கால் வைத்த வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்றைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதை மாடிக்கு ஏற்ற வெளியூர்க் கிரேன் பேசிவிட்டு, முன்கூட்டியே தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு புகாரும் எழுதிப்போட்டான். 'இந்த ஊரில் ஒருவர் செத்த தகப்பனுக்கே நோக்குகூலி வாங்கியவர், குளியல் தொட்டிக்கு விடுவாரா' என்று புகாரில் இருந்தது. தொழிலாளர் துறை அதிகாரி பிந்துலேகா அதைப் படித்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தோடும் ஒரு கோப்போடும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பதினோரு பேரிடமும் 'சுமையைப் பார்க்க மாட்டோம்' என்று எழுதிக் கையொப்பம் வாங்கினார்.

"பாக்க மாட்டோம்னா எப்படி மேடம்? எதிர்லதான நடக்குது, கண்ணு எங்க போகும்?" என்றார் சுகதன்.

"திரும்பி நில்லுங்க."

அப்படியாக, தொட்டி ஏறுகிற அன்று காலை, பதினோரு சுமட்டுத் தொழிலாளிகளும் ஔசேப்பு வீட்டுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். சுவரில் ஒரு பிளம்பரின் விளம்பரம் இருந்தது. அதை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். இட்டூப்பு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார், விளம்பரம் உரிந்து எழும்பத் தொடங்கியதால்.

தொட்டி பதினான்கு அடி உயரத்தில் தொங்கியது. ஔசேப்பு கீழே நின்று இடது, வலது என்று கையாட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது, தொட்டிக்கு நேர் கீழே, வாசலில் சாக்கடை மேல் போட்டிருந்த ஸ்லாப் உடைந்து, வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. காலைக் கம்பி கவ்விக்கொண்டது. அவன் போட்ட சத்தத்தில் கிரேன்காரர் பதறி ஏதோ நெம்புகோலை இழுக்க, மேலே கம்பிக்கயிறு முறுக்கு விட்டுப் பிரிய ஆரம்பித்தது. ஏழு புரிக் கயிறு. முதல் புரி அறுந்தது தெருக்கோடி வரை கேட்டது. கிரேன்காரர் தொழில் கட்டுப்பாடு தெரியாதவர், குதித்து ஓடிவிட்டார். ஔசேப்பின் ஆட்கள் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள், கை நீண்டதுதான் மிச்சம். இரண்டாவது புரி அறுந்தபோது அவர்களும் ஓடினார்கள்.

"என் மனுஷா, திரும்புங்க," என்றாள் த்ரேஸ்யா, எதிர்க்கடை வாசலிலிருந்து.

"ஒப்பு வச்சிருக்கேன் த்ரேஸ்யா," என்றார் இட்டூப்பு. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"திரும்புங்க, நான் சொல்றேன்," என்றார் பிந்துலேகா.

இட்டூப்பு திரும்பினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தம்பியை நேருக்கு நேர் பார்த்தார். முடி நரைத்து, மூக்கு அப்படியே அப்பன் மூக்காகி, சாக்கடைக்குள் ஒரு காலோடு நின்றிருந்தான். இத்தனை வருஷம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த சொல் தானாக வந்தது.

"கூலி வேண்டாம்டா ஔசேப்பே. இது சும்மா."

சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். தொட்டி அசையவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சிங்கக் கால்கூட ஆடவில்லை. மூன்றாவது புரி அறுந்தது. மெழுகுவர்த்தியும் விளம்பரத் தாளும் சும்மாவே எழும்பும், ஆனால் சுமை என்று வந்தால் அண்ணனாகப் பார்க்கிற தன் பார்வையும் ஊரில் எல்லோருடைய பார்வையும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் இட்டூப்புக்கு உறைத்தது. அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது.

"சும்மா பாத்தா ஏறாது போலிருக்குடா," என்றார் மெதுவாக.

"ரேட் பேசுங்க சேட்டா," என்றார் சுகதன், சுவரைப் பார்த்தபடியே.

ஔசேப்புக்குச் சாவு பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. "சாகக் கிடக்கிறவன்கிட்ட கூலியா? அப்பனையே விடாதவன்தான நீ."

"நான் கேக்கல. நீயாச் சொன்னாத்தான் அது வேலை."

நான்காவது புரி அறுந்தது. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"எவ்வளவு?" என்றான் ஔசேப்பு.

இட்டூப்பு பொய் சொல்லத் தெரியாதவர். வார்ப்பிரும்பு, மாடி, ஒத்தைச் சுமை என்று விலைப்பட்டியலில் உள்ளபடியே சொன்னார்.

"போடா. அப்பனுக்கு வாங்கினதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்."

"அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ரேட்டு."

"அப்பன் இந்தத் தொட்டிய விட கனம்டா. தோள்ல வச்சவன் எனக்குத் தெரியும்."

"கனம்தான்," என்றார் இட்டூப்பு. "வாசல்லருந்து குழி வரைக்கும் கண்ணெடுக்காம பாத்தது நான் ஒருத்தன்தான். நீங்கள்லாம் அழுதுட்டிருந்தீங்க."

ஔசேப்பு அண்ணனைப் பார்த்தான். ஐந்தாவது புரி அறுந்தது. பிந்துலேகா மேடம் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராகப் போய்ச் சுகதனுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். பார்க்காததை எழுத வேண்டியதில்லை என்பது அவர் துறையில் பால பாடம்.

"சரி. பட்டியல் ரேட்டே. பாரு சேட்டா," என்றான் ஔசேப்பு. "ரசீது அப்புறம் குடு."

இட்டூப்பு பார்த்தார். மிச்சமிருந்த இரண்டு புரியும் ஒன்றாக அறுந்தன, ஆனால் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு நிமிர்ந்து, அவசரமில்லாமல் மாடிச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய், தண்ணீர் போகிற துளை குழாய்க்கு நேராக வரும்படி திரும்பி, தரையில் உட்கார்ந்தது. இட்டூப்பு இமைத்தார். உடைந்த ஸ்லாபையும் தூக்குவதற்குத் தனிக் கூலி என்று சொன்னார். ஔசேப்பு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி ஒத்துக்கொண்டான். ஸ்லாபும் கம்பியோடு எழும்பியது, கால் வெளியே வந்தது. சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை.

பிந்துலேகா திரும்பி வந்து, சாயாக்கடை மேசையில் கோப்பை விரித்தார். "தொட்டிய ஏத்தினது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் இட்டூப்பு. அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். ஒப்பை மீறியாயிற்று, மறைக்கத் தோன்றவில்லை.

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை வாசித்தார். தொழிலாளி பெயர், சுமை, ஏற்றிய உயரம், கூலி என்று கட்டங்கள் இருந்தன. எதனால் ஏற்றினார் என்று கேட்கிற கட்டம் எங்கேயும் இல்லை. "சுமை ஏறிச்சு. அப்போ இது ஏத்துக்கூலி, நோக்குகூலி இல்ல," என்று சொல்லிக்கொண்டே நாலு கட்டத்தையும் நிரப்பினார். "இத்தனை வருஷமாத் தப்பான தலைப்புல ரசீது எழுதியிருக்கீங்க. இனிமே ஒழுங்கா எழுதுங்க." அட்டையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பதினொன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். இட்டூப்பு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார். பிறகு கடைக்குப் பின்னால் போய் நன்றாக அழுதுவிட்டு, கண் கழுவிக்கொண்டு வந்தார்.

அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று ஊரில் சொன்னால் அது முழு உண்மை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வழியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு ஓரமாகப் போவார்கள். இட்டூப்புக்கு வேலை நேரத்துக்கு வெளியே தம்பியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஔசேப்புக்கும் அப்படித்தான். ஆனால் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, மாலக்கடவுச் சுமட்டுக் குழுவுக்கு ஔசேப்பு வீட்டிலிருந்து போன் வரும். ஆட்டுக்கல் ஒன்றை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பான். அடுத்த சனிக்கிழமை அதையே கீழே இறக்க வேண்டும். கூலி பேசி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டு சாயா, கொஞ்சம் பழம்பொரி, அப்பன் சைக்கிளிலிருந்து விழுந்த கதை, த்ரேஸ்யாவின் முட்டிவலி, மஸ்கட் வெயில் எல்லாம் நடுவில் வந்துபோகும். ஔசேப்பு ஒவ்வொரு முறையும் பாதிக்குக் கேட்பான், இட்டூப்பு பட்டியலில் உள்ளதற்குக் குறைய மாட்டார். பேச்சு படிந்ததும் அவர் எழுந்து கண் கழுவிக்கொள்வார். ஆட்டுக்கல் இப்போது மாடியில் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை இறங்கும்.